அடுக்களைப் புகையும் அயலார் சொல்லும்

'அடுதல்' என்னும் வினையினின்றே அடுப்பு, அடுக்களை, அட்டில், அடிசில் என்னுஞ் சொற்கள் பிறந்தன என்பதை நமது நேயர்களுட் பலர் அறிவர். சொற்கள் பழமையானவை, அவை குறிக்கும் பொருளும் அவ்வளவு பழமை வாய்ந்ததே. மூன்று கற்களை முக்கோணமாக வைத்து, இடையே சுள்ளியைச் செருகித் தீமூட்டி, மேலே கலத்தை ஏற்றும் முறை உலகின் பல பாகங்களிலும் வழங்கியது; இன்றும் முற்றும் மறைந்திலது. அரசர்களுடைய படையெடுப்புக்களைப் பற்றியும் கோயில் திருப்பணிகளைப் பற்றியும் எழுதிய சரித்திராசிரியர்கள் எண்ணிறந்தோர். அடுப்பின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர் மிகச் சிலரே. அடுப்பின் முன் அமர்ந்தவர் பெண்மக்களாயிருந்ததும், எழுதுகோல் பிடித்தவர் பெரும்பாலும் ஆடவராயிருந்ததும் இதற்குக் காரணமாகலாம் என்பது எமது எண்ணம்.

இவ்வியாசத்தில் யாம் ஆராயப் புகுவது ஒரு வினாவையே. புகையைக் குறைக்கும் அடுப்பு ஒன்று உண்டு, அது கண்ணுக்கும் மார்புக்கும் நன்மை பயப்பது, விறகையும் மிச்சப்படுத்துவது என்று அறிந்தோர் எடுத்துரைத்த பின்னும், ஒரு குடும்பம் அதனை ஏற்பதும் ஏலாது விடுவதும் எதனால் முடிவாகின்றன? பொருளின் குணத்தாலா, விலையாலா, அன்றி அயலார் சொல்லாலா? நமது சங்கம் போன்ற ஸ்தாபனங்கள் யாவும், ஒருவர் செய்வதைக் கண்டு மற்றொருவர் செய்யும் மனித இயல்பையே அடிப்படையாகக் கொண்டவை. ஆதலின் இவ்வினா நமக்குப் புறம்பானதன்று.

முதற்கண் தீங்கின் அளவை அறிதல் வேண்டும். விறகும் வறட்டியும் பயிர்த்தாளும் சாதாரண அடுப்பில் முழுதும் எரிவதில்லை. எரியாது எஞ்சிய நுண்ணிய துகள்கள் புகையோடு கலந்து மூச்சுப்பையின் அடிவரை செல்கின்றன. குழந்தைகளுக்கு வரும் நிமோனியா, முதியோரின் நெடுநாள் மூச்சுத்தடை நோய், இருதய நோய், கண்புரை ஆகியவற்றோடு இப்புகைக்குத் தொடர்பு உண்டென வைத்திய நிபுணர்கள் கண்டுள்ளனர். உலக சுகாதார ஸ்தாபனத்தாரின் கணக்கின்படி, வீட்டுக்குள் எழும் புகையினால் 2020ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 32 லட்சம் பேர் அகால மரணமடைந்தனர். உலகில் இன்னும் 200 கோடிக்கு மேற்பட்ட மக்கள் இத்தகைய அடுப்புக்களையே நம்பி வாழ்கின்றனர். போர்க்களத்துச் சாவைப் பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் வெளியிடுகின்றன. அடுக்களைச் சாவு ஓசையின்றி நிகழ்வதால் அதனை எவரும் எண்ணிப் பார்த்திலர்.

எண்ணிப் பார்க்கத் தொடங்கியவர்களுள் ஒருவர் கிர்க் ஸ்மித் என்னும் அமெரிக்க அறிஞர். இவர் 1981ஆம் ஆண்டில் குஜராத்துக் கிராமங்களில், சமைக்கும் பெண்டிர் மூச்சோடு உட்கொள்ளும் புகையின் அளவைக் கருவி கொண்டு அளந்தார். நகரத்து ஆலைப் புகையைப் பற்றியே அக்காலத்தார் பேசிக்கொண்டிருந்தனர். அதனினும் பன்மடங்கு கொடிய காற்றினைக் கிராமத்துத் தாய்மார் தம் வீட்டிற்குள்ளேயே உட்கொள்கின்றனர் என்பது இவ்வளவையினால் வெளியாயிற்று. 2020இல் இவர் காலஞ்சென்றார்.

எனினும், புகையை அளந்தறியுமுன்னரே அதனைப் போக்க முயன்றோர் நம் நாட்டில் இருந்தனர். 1934ஆம் ஆண்டில் காந்தியடிகளின் ஆதரவில் தோன்றிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கம் வார்தாவில் மகன்வாடி என்னுமிடத்தில் நிலைபெற்றது. அதன் காரியதரிசியாயிருந்து அதனை நடத்தியவர், தஞ்சையிற் பிறந்து இலண்டனில் கணக்கியல் பயின்ற நம் தமிழர் ஜே. சி. குமரப்பா அவர்கள். எண்ணெய்ச் செக்கு, காகிதம், தேனீ வளர்ப்பு என்று கிராமத் தொழில்கள் பலவற்றை ஆராய்ந்த அவ்விடத்தினின்றே 1947ஆம் ஆண்டில் 'மகன் சூலா' என்னும் மண்ணடுப்பு வெளிப்போந்தது. காந்தியடிகளின் உறவினரும் தொண்டருமாகிய மகன்லால் பெயரே மகன்வாடிக்கும் அவ்வடுப்புக்கும் இடப்பட்டது. மண்ணாற் கட்டி, ஒரே தீயில் ஒன்றுக்கு மேற்பட்ட கலங்களை ஏற்றும் துளைகள் அமைத்து, புகையைக் கூரைக்கு மேலே கொண்டு செல்லப் புகைபோக்கியும் வைத்தனர். நம் பாட்டிமார் கட்டிய கொடியடுப்பை அறிந்தவர்க்கு இது முற்றிலும் புதுமையன்று. தலையடுப்பின் வெப்பம் பக்கத்துத் துளைக்குப் பாய்ந்து அங்கே பருப்பு வேகும் உபாயம் அவர்களுக்குத் தெரிந்ததே. புகைபோக்கி ஒன்றே புதியது.

பின்னர் ஹைதராபாத்துப் பொறியியல் ஆராய்ச்சிச் சாலையில் எஸ். பி. ராஜு என்பார் வேறோர் அடுப்பைச் செய்து, கோடிக்கணக்கான மக்களின் அடுக்களைகளைப் புகையற்றனவாக்குவது எங்ஙனம் என்பதைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் எழுதினார். அது 1953இல் நமது சென்னையிலேயே அச்சாயிற்று. அந்நூலாசிரியரின் கருத்து நேரியது: அடுப்பு மலிவானது, செய்முறை எளியது, நன்மை வெளிப்படை; ஆகவே சொன்னால் மக்கள் ஏற்பர். முப்பதாண்டு கழிந்தும் நாட்டின் அடுக்களைகளுட் பெரும்பாலானவை புகைந்துகொண்டே இருந்தன. ஏன்?

புகைக்கும் நண்பர்கள் உண்டு என்பதை நகரத்துப் பொறியாளர் அறிந்திலர். கூரை வேய்ந்த ஓலையைச் செல்லரிக்காமற் காப்பது புகை. பரணில் தொங்கவிட்ட விதைச் சோளக்கதிரில் வண்டு விழாமற் காப்பதும் அதுவே. மாலை வேளையில் கொசுவை விரட்டுவதும் அதுவே. அன்றியும், புகையினால் வரும் நோய் இருபது முப்பது ஆண்டு கழித்து வருவது. அடுப்பினால் வரும் தொல்லையோ அன்றன்றைக்கு உள்ளது. புகைபோக்கியைத் துடைக்கவேண்டும், துளையின் அளவுக்கேற்ற பானை வேண்டும், விறகைச் சிறு துண்டுகளாகப் பிளக்கவேண்டும். பிளப்பவர் யார்? அதுவும் அவளே.

இவ்விடத்தில் அயல்நாட்டுச் செய்தி ஒன்றை எடுத்துக் கூறுவது பொருந்தும். தென்னமெரிக்காவிலுள்ள பெரு நாட்டில் லாஸ் மோலினாஸ் என்று ஒரு சிற்றூர். சுமார் 200 குடும்பங்கள் கொண்டது. குடிநீரைக் காய்ச்சிப் பருகுமாறு அவ்வூராரைப் பழக்குவதற்கு அரசாங்கச் சுகாதார ஊழியர் ஒருவர் இரண்டாண்டுக் காலம் வீடு வீடாகச் சென்று உழைத்தார். பயன், 11 குடும்பங்கள் மாத்திரமே புதிதாக அவ்வழக்கத்தை மேற்கொண்டன. வெந்நீர் பிணியாளர்க்கே உரியது என்பது அவ்வூர் வழக்கு. நலமுடையவன் வெந்நீர் பருகினால் ஊரார் நகைப்பர். எட்வர்ட் வெலின் என்பவர் 1955இல் வெளியிட்ட இவ்வரலாற்றை எவரெட் ரோஜர்ஸ் என்னும் பேராசிரியர் புதுமை பரவும் விதத்தைப் பற்றித் தாம் எழுதிய புகழ்பெற்ற நூலில் எடுத்தாண்டார். ஊழியர் சொல்லைக் கேட்டவர்களுள் ஊராரால் மதிக்கப்பெறாதோரும் வந்தேறிகளும் இருந்தனர். ஊரார் யாருடைய செய்கையைப் பார்த்து நடப்பரோ அவரிடம் ஊழியர் உரிய வண்ணம் செல்லவில்லை என்பது அவர் கண்ட குறை. மருந்து நன்றாயிருந்தும் வாயில் தவறிற்று.

நம் நாட்டிற்குத் திரும்புவாம். 1980ஆம் ஆண்டளவில் ஹரியானாவில், சிவாலிக் மலையடிவாரத்து நாடா என்னும் கிராமத்தில், மது சரின் என்னும் பெண்மணியார் ஒரு முயற்சி தொடங்கினார். இவர் கட்டடக் கலை பயின்றவர். முன்னையோர் ஆராய்ச்சிச் சாலையில் அடுப்பைச் செய்து முடித்துக் கிராமத்திற்குக் கொண்டு வந்தனர். இவரோ கிராமத்துப் பெண்களோடு அமர்ந்து அவர்களைக் கொண்டே அடுப்பைச் செய்வித்தார். எந்தப் பானைக்கு எவ்வளவு துளை, ரொட்டியைத் தணலில் காட்டி உப்பச் செய்வதற்கு அடுப்பின் வாய் எவ்வளவு அகலமாயிருத்தல் வேண்டும் என்பனவற்றை அவர்களே சொல்லினர். அடுப்புக் கட்டப் பயின்ற பெண்கள் அயலூர்களுக்குச் சென்று கட்டிக்கொடுத்தனர். அதற்குக் கூலியும் பெற்றனர். 'நாடா சூலா' என்று அது பெயர் பெற்றது. அளவு நாடாவைக் கையிற் பிடித்து வந்த ஆடவர் கட்டியதற்கும், தானும் சமைப்பவளாகிய ஒருத்தி வந்து கட்டியதற்கும் உள்ள வேற்றுமை பெரிது. பின்னவளைச் சமைப்பவள் வினவலாம், மறுத்துப் பேசலாம், 'உன் வீட்டில் இப்படித்தான் கட்டியிருக்கிறாயா?' என்றும் கேட்கலாம்.

இந்த நுட்பம் பெரிய அளவில் பின்பற்றப்படவில்லை. 1980களின் முற்பகுதியில் மத்திய அரசாங்கத்தார் சீர்திருத்திய அடுப்புக்களுக்கென்று ஒரு தேசியத் திட்டம் வகுத்தனர். 2002இல் அது நிறுத்தப்படுமுன் மூன்று கோடிக்கு மேற்பட்ட அடுப்புக்கள் கட்டிக்கொடுக்கப்பட்டதாகக் கணக்குண்டு. செலவிற் பாதியையோ அதற்கு மேலோ அரசாங்கமே ஏற்றது. ஆண்டுதோறும் இத்தனை அடுப்பு என்று இலக்கு வைத்தமையால், இலக்கை எட்டுவதே அதிகாரிகளுக்குக் காரியமாயிற்று. கட்டிய அடுப்பு மறுவருடம் எரிகின்றதா என்று பார்ப்பவர் அரியராயினர். அடைபட்ட புகைபோக்கியும் விண்ட மண்ணும் ஊரார் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தன. கெட்டுப்போன ஓர் அடுப்பு, பத்துப் பிரசங்கங்களைக் கெடுக்கும் வலியுடையது.

இக்காலத்தில் சீன தேசத்தில் நடந்தது வேறு. அங்கும் 1980களில்தான் அரசாங்கம் அடுப்புத் திட்டம் தொடங்கியது. ஆனால் அத்திட்டம் எல்லா இடங்களுக்கும் ஒரே சமயத்திற் பரவவில்லை. விறகுப் பஞ்சம் மிக்க மாவட்டங்களையே முதலில் தேர்ந்தது. வீட்டுக்காரரே செலவின் பெரும் பகுதியை ஏற்றனர். அரசாங்கப் பொருள் பயிற்சிக்கும் மேற்பார்வைக்குமே பெரிதும் சென்றது. பத்தாண்டில் பத்துக் கோடிக்கு மேற்பட்ட வீடுகளில் புதிய அடுப்பு ஏறிற்று. இலவசமாய் வந்ததை எவரும் பேணுவதில்லை என்று சிலர் இதனின்று முடிவு செய்வர். அம்முடிவு முழு உண்மையன்று என்பதைக் கீழே காண்போம்.

ஒரிஸ்ஸாவில் நடந்த ஒரு பரீட்சை இவ்விஷயத்தில் மிகவும் பேசப்படுவது. அங்கே 44 கிராமங்களில் சுமார் 2,600 குடும்பங்களை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் யார் யாருக்கு எப்போது புகைபோக்கி அடுப்பு என்று முறைவைத்துக் கொடுத்து, நான்காண்டு வரையில் கவனித்து வந்தனர். ஹன்னா, டுப்லோ, கிரீன்ஸ்டோன் என்னும் மூன்று பொருளியலறிஞர் கண்ட முடிவு இது: முதலாண்டில் பெண்கள் உட்கொண்ட புகை ஓரளவு குறைந்தது, பின்னர் அப்பயனும் மறைந்தது. அடுப்பைச் செப்பனிடாது விட்டனர். பழைய அடுப்பையும் விடாது எரித்தனர். ஆராய்ச்சிச் சாலையில் நலமாய் எரிந்த அடுப்பு, வாழ்வில் எரியவில்லை.

இனி, யாம் சிறப்பாகச் சொல்லக் கருதியது வங்காள தேசத்துச் செய்தி. கிராமத்துப் பெரியவர்களின் சொல் அடுப்பு விஷயத்தில் எவ்வளவு செல்லும் என்பதை முறையாகச் சோதித்துப் பார்த்தவர்கள் கிராண்ட் மில்லர், முஷ்பிக் மொபாரக் என்னும் இருவர். அந்நாட்டுக் கிராமங்களில் இரு வகை அடுப்புக்களை இவர்கள் மக்கள் முன் வைத்தனர். ஒன்று புகைபோக்கி உடையது. அதன் நன்மை கண்ணுக்குத் தெரிவது. மற்றொன்று விறகை மிச்சப்படுத்துவது. அதன் நன்மை எரித்துப் பார்த்தாலன்றிப் புலப்படாதது. சில கிராமங்களில், ஊரார் மதிக்கும் பெரியவர்கள் இவ்வடுப்பை ஏற்றனரா மறுத்தனரா என்பதை மற்றையோருக்கு வெளிப்படையாக அறிவித்தனர். மற்றக் கிராமங்களில் அங்ஙனம் அறிவிக்கவில்லை.

விளைவு என்ன? பெரியவர்களின் செய்கை ஊராரின் முடிவை மாற்றியது மெய். கண்ணுக்குத் தெரியாத குணமுடைய பொருளில் அச்செல்வாக்கு மிகுதியாயிற்று. ஆனால் செல்வாக்கு இருபக்கமும் ஒரே வகையாக வேலை செய்யவில்லை. பெரியவர் 'வேண்டும்' என்று எடுத்துக்கொண்டதைக் காட்டிலும், 'வேண்டா' என்று தள்ளியதே ஊராரை அதிகம் அசைத்தது. ஒரு குடும்பத்துத் தலைவர் வாய்திறந்து ஒன்றும் கூறவேண்டுவதில்லை. அவர் வீட்டில் அது இல்லை என்பதே போதும். நமது சமூகத்தில் கலியாணச் செலவு, பெண் கல்வி முதலிய சீர்திருத்தங்களைப் பற்றி மேடையில் பேசும் கனவான்கள் இதனைச் சிந்திப்பாராக. மேடைச்சொல்லுக்கு ஒரு மடங்கு செல்வாக்கு எனின், வீட்டுச் செய்கைக்குப் பன்மடங்கு.

மற்றொரு செய்தியும் அவ்வாராய்ச்சியினின்று கிடைத்தது. முதலில் அடுப்பைப் பெற்றவர்களின் உறவினரையும் நண்பரையும் பின்னர் அணுகிப் பார்த்தபோது, அவர்கள் மற்றவரினும் அதிகமாக வாங்குவர் என்று எதிர்பார்ப்பது இயல்பு. நடந்ததோ மாறு. அவர்கள் மற்றவரினும் குறைவாகவே வாங்கினர். தமக்கையின் வீட்டில் அவ்வடுப்பை நேரிற் கண்டு, சொல்லியபடி அது நன்றாயில்லை என்றறிந்தமையே காரணம். ஆகவே அயலார் சொல் என்பது குருட்டு நம்பிக்கை அன்று. அது ஒரு வகைச் சோதனைச் சாலை. அநுபவம் பெருகப் பெருகப் பெரியவரின் சொல்லுக்கு இருந்த வலியும் குறைந்துவிட்டது. அறியாத பொருளை முதன்முதல் எடுக்கும்போதே மக்கள் மற்றவர் முகத்தை நோக்குகின்றனர். கைக்குள் வந்தபின் தம் கண்ணையும் கையையுமே நம்புகின்றனர். கிராமத்தாரை மூடப்பழக்கத்தில் மூழ்கியவர் என்று இகழ்ந்துரைக்கும் பட்டணத்து எழுத்தாளர் பலர் உளர். பொருள் குறையுடையதாயிருந்ததை அக்கிராமத்தாரே முதலிற் கண்டனர் என்பதை அவர் மறந்தனர்.

இதே ஆராய்ச்சியாளர் இன்னுமொன்றைக் கண்டனர். எமது உள்ளத்தை மிகவும் வருத்தியது அதுவே. அடுப்பை இலவசமாகக் கொடுக்க முன்வந்தபோது, உடல்நலங் காக்கும் அடுப்பை ஆடவரினும் பெண்டிரே மிகுதியாக விரும்பினர். அதற்கு ஒரு சிறு விலை வைத்த மாத்திரத்தில் அவ்வேற்றுமை மறைந்தது. பெண்ணின் விருப்பம் ஒழிந்துபோகவில்லை. பணப்பெட்டியின் திறவுகோல் அவள் கையில் இல்லை. புகையை உண்பவர் ஒருவர், விலையைத் தீர்மானிப்பவர் மற்றொருவர் என்றிருக்கும் வீட்டில், ஊர்ப் பெரியவர் எத்தனை முறை சொன்னாலும் அடுப்பு மாறுவது அரிது. இலவசப் பொருள் மதிப்பற்றது என்னும் வாதத்திற்கு இதுவே விடை: யாருக்கு இலவசம் என்று பார்த்தல் வேண்டும்.

இதற்கு மாறாக, எவரும் பிரசாரம் மிகுதியாகச் செய்யாமலே பரவிய அடுப்பு ஒன்று கென்யா நாட்டில் உண்டு. அங்கே நகர மக்கள் மரக்கரியை எரிப்பர். கரியடுப்புக்கு 'ஜிக்கோ' என்று பெயர். தகரத்தாற் செய்த பழைய ஜிக்கோவை அந்நாட்டிற்குக் கொண்டுபோனவர், 1896 முதல் நடந்த இருப்புப்பாதை வேலைக்குச் சென்ற இந்தியரே என்று கூறுவர். 1981இல் நைரோபியில் ஐக்கிய நாடுகளின் எரிசக்தி மகாநாடு நடந்தது. அதையொட்டிய ஆண்டுகளில், தாய்லாந்து தேசத்து வாளியடுப்பை முன்மாதிரியாகக் கொண்டு, உள்ளே சுட்டமண் பூச்சும் வெளியே உடுக்கை வடிவத் தகரமும் உடைய புதிய ஜிக்கோ உருவாயிற்று. அதனை அரசாங்கம் இலவசமாகக் கொடுத்திலது. நைரோபிக் கடைத்தெருவில் தகரவேலை செய்வோரே அதனைக் கற்று, ஒருவரையொருவர் போட்டியிட்டுச் செய்து விற்றனர், விலையும் இறங்கிற்று. சமைக்கும் முறையை அது மாற்றவில்லை, பானையையும் மாற்றவில்லை. கரிச்செலவை மாத்திரம் கணிசமாகக் குறைத்தது. கரியைக் காசு கொடுத்து வாங்கும் நகரத்துப் பெண்ணுக்கு ஒரு சில மாதங்களுக்குள் அடுப்பின் விலை திரும்பிவிடும். அண்டை வீட்டுக்காரி ஒரு மூட்டைக் கரியை எத்தனை நாள் வைத்து எரிக்கிறாள் என்பதை அவள் எண்ணி வந்தாள். அவ்வெண்ணிக்கையே விளம்பரமாயிற்று. பத்துப் பதினைந்து ஆண்டில் பல லட்சம் வீடுகளில் அது புகுந்தது. ஆயினும் உண்மையை மறைத்தல் தகாது. கரியடுப்பு எவ்வளவு சீர்திருந்தினும் அதன் நச்சுக்காற்று முற்றும் நீங்குவதில்லை. காசு மிச்சமாயிற்று, மார்புக்கு வந்த நன்மை அதனினும் சிறிது.

நமது தமிழ்நாட்டில் அடுக்களைப் புகையை உண்மையில் நீக்கியது சீர்திருத்திய மண்ணடுப்பன்று, எரிவாயுவே. 1955இல் பம்பாயில் வீட்டு உபயோகத்திற்கு வந்த எரிவாயு, நெடுங்காலம் பட்டணத்துச் செல்வர்க்கே உரியதாயிருந்தது. வெடிக்கும் என்று அஞ்சினோர் பலர். இணைப்பு வேண்டிப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்காகக் காத்திருந்த காலமும் உண்டு. அக்காலத்தில் எரிவாயு அடுப்பு ஒரு கௌரவச் சின்னமாகவே மாறிற்று. மணமகள் வீட்டுச் சீர்வரிசையில் பித்தளைக் குடத்தோடும் குத்துவிளக்கோடும் அதுவும் இடம்பெறலாயிற்று. சீர்வரிசையை யாம் ஆதரிப்பவரல்லேம். எனினும், பந்தலில் நாலுபேர் கண்ணுக்குமுன் வைக்கப்பட்ட ஒரு பொருள் எத்துணை விரைவில் இன்றியமையாத பொருளாகிவிடுகிறது என்பதற்கு அது நல்ல சாட்சி. அடுப்பங்கரையின் இருட்டிலிருந்த மண்ணடுப்புக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. 2006இல் பதவியேற்ற மாநில அரசாங்கத்தார் ஏழைக் குடும்பங்களுக்கு எரிவாயு இணைப்பும் அடுப்பும் இலவசமாக வழங்கும் திட்டத்தை மேற்கொண்டனர். தெருவில் ஒரு வீட்டில் இருந்தது பத்து வீடுகளுக்கு வந்தது; வெடிக்கும் என்னும் அச்சமும் பத்தாவது வீட்டோடு ஒழிந்தது. 2011ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் இந்தியாவில் எரிவாயு கொண்டு சமைத்த குடும்பங்கள் நூற்றுக்கு 28.5, தமிழ்நாட்டில் ஏறக்குறைய 48.

பின்னர் 2016ஆம் ஆண்டு மே மாதம் 1ஆம் தேதி உத்தரப் பிரதேசத்துப் பலியா நகரில் மத்திய அரசாங்கத்தார் 'உஜ்வலா' என்னும் திட்டத்தைத் தொடங்கினர். இதன் சிறப்பு, இணைப்பைக் குடும்பத் தலைவன் பேருக்கன்றிப் பெண்ணின் பேருக்கே அளித்தமை. 2019 செப்டம்பரில் இணைப்புக்களின் தொகை எட்டுக் கோடியாயிற்று. இத்துணை விரைவில் இத்துணை வீடுகளுக்கு ஒரு புதிய அடுப்பு சென்றது உலக சரித்திரத்திலேயே அரிது. ஆனால் அடுப்பு சென்றது என்பதும் அடுப்பு எரிந்தது என்பதும் வேறு வேறு. கருநாடகத்துக் கொப்பள் மாவட்டத்தில் விற்பனைக் கணக்கை ஆராய்ந்தவர்கள், இத்திட்டத்தில் சேர்ந்த பெரும்பான்மையோர் முதலாண்டில் நான்கு உருளைகூட வாங்கவில்லை என்று கண்டனர். 2018இல் பீகார், உத்தரப் பிரதேசம் முதலிய வடநாட்டு மாகாணங்களில் விசாரித்தவர்களும், எரிவாயு உடைய வீடுகளிற் பெரும்பாலானவற்றில் விறகடுப்பும் உடன் எரிவதையே கண்டனர். உருளையின் விலை ஒரு காரணம். விறகடுப்பில் செய்த ரொட்டிக்கே ருசி என்பதும், எரிவாயுச் சமையல் வயிற்றுக்கு ஆகாது என்பதும் அங்கு வழங்கும் பேச்சு. வறட்டி தட்டும் பெண்ணின் உழைப்புக்கு விலை இல்லை. உருளைக்கு விலை உண்டு. ஆகவே வீட்டுக் கணக்கில் வறட்டியே மலிவு.

இதனை உணர்ந்தே 2017இல் குஜராத்தில் தொடங்கி, எரிவாயுப் பஞ்சாயத்து என்னும் கூட்டங்கள் பல ஊர்களில் நடத்தப்பட்டன. அதிகாரி பேசி மக்கள் கேட்பதற்காக மாத்திரம் அவை ஏற்பட்டனவல்ல. எரிவாயுவை ஏற்கெனவே உபயோகிக்கும் பெண்கள், புதிதாகப் பெற்றவர்களோடு அமர்ந்து தம் அநுபவத்தைக் கூறுவதற்காக ஏற்பட்டவை. நாடா கிராமத்துப் பெண்கள் நாற்பதாண்டுகளுக்கு முன் மண் குழைத்துக்கொண்டே செய்ததைத்தான் இக்கூட்டங்களும் செய்ய முயன்றன.

நமது குடும்பங்களின் நிலை யாது? தேசியக் குடும்பநல ஆய்வின்படி 2019–21இல் தமிழ்நாட்டில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்ட வீட்டினர் தூய எரிபொருளையே முதன்மையாகக் கொண்டனர். இந்தியா முழுமைக்கும் அது 58.6. ஆகவே இவ்விஷயம் நமக்கு முடிந்துபோன பழங்கதை என்று சிலர் கருதலாம். யாம் அங்ஙனம் கருதவில்லை. சீமைக் கருவேல் எளிதிற் கிடைக்கும் நம் வறண்ட சீமைகளில், முன்கட்டில் எரிவாயு அடுப்பு பளபளவென்றிருக்க, கொல்லைப்புறத்துச் சார்ப்பில் மூதாட்டியார் குளிக்க வெந்நீரும், மாட்டுக்குப் பருத்திக்கொட்டையும், சில வீடுகளில் இரவுச் சோறும் விறகில் வைத்துக்கொண்டிருப்பதை யாவரும் அறிவோம். கேட்டால், 'எனக்கு இதுதான் பழக்கம்' என்பர். பழக்கந்தானா, அன்றி உருளை தீர்ந்தால் மகனிடம் பணங் கேட்கவேண்டுமே என்னும் கூச்சமா என்று வங்காள தேசத்தார் கேட்டதுபோல் நாமும் கேட்டுப் பார்த்தோமில்லை.

நமது மாதர் சங்கத்தார் வருடாந்தரக் கூட்டத்தில் கோலப்போட்டிக்கும் சமையற்போட்டிக்கும் இடம் வைக்கின்றனர். இவ்வாண்டு அவற்றோடு ஒரு மணி நேரத்தை இதற்கு ஒதுக்கலாம் என்று அன்பர் சிலர் எமக்கு எழுதியிருக்கின்றனர். பிரசங்கி எவரும் வேண்டுவதில்லை. வீட்டில் உருளை எத்தனை நாளில் தீர்கிறது, மறு உருளைக்கு யார் சொல்லுகிறார், யார் பணம் கொடுக்கிறார், கொல்லையடுப்பில் என்னென்ன வேகிறது என்பவற்றை ஒருவர்க்கொருவர் சொல்லிக்கொள்வதே போதும். அக்கணக்கைக் குறிப்பெடுத்து அனுப்பினால், பெயர்களை விலக்கி, இப்பத்திரிகையிலேயே வெளியிடுவதற்குச் சித்தமாயிருக்கின்றோம்.